கோர் பாக்ஸ் வைக்க ரேக் கேக்குறாய்ங்க, கல்லுக்கு எதுக்குங்க ரேக்கு?

ரேக்கு பாண்டி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல ஸ்டீல் ரேக் அடிக்கிற பட்டறை வச்சிருக்கேன். மளிகை குடோன், மெடிக்கல் ஸ்டோர், ஒருக்கா காலேஜ் லைப்ரரிக்கு கூட அடிச்சுக் குடுத்திருக்கேன். போன வாரம் ஒருத்தர் போன் பண்ணி கோர் பாக்ஸ் வைக்க ரேக் வேணும்னாரு, நானும் ஏதோ மோட்டார் சமாச்சாரம் போலன்னு நெனச்சு சரின்னுட்டேன். மேலூர் தாண்டி ஒரு பழைய ஷெட்டுக்கு கூட்டிட்டுப் போனாய்ங்க, போய்ப் பாத்தா பூராம் கல்லு! சப்பாத்திக் கட்டை கனத்துல உருளை உருளையா கல்லு, ஒரு மீட்டர் நீள மர டப்பால அஞ்சு தடுப்பு தடுத்து வரிசையா படுக்கப் போட்டிருக்கு. எண்ணிப் பாத்தேன், 1,400 டப்பா. தரைல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அடி டப்பால பாதிய கரையான் தின்னு கல்லு கீழ வழிஞ்சு கெடக்கு. மேல தகரக் கூரை, மத்தியானம் அஞ்சு நிமிசம் உள்ள நிக்க முடியல.

அரசாங்கம் ஊர் ஊரா பூமிய தொளச்சு எடுத்த பாறையாம், தேசிய அளவுல சேத்து வைக்கிறதுல இதுவும் ஒரு பங்காம், பெரிய எடத்துக்கு போற வரைக்கும் இங்கனயே ஒழுங்கா அடுக்கணுமாம். என் கேள்வி இதுதான்: இத எதுக்கு வச்சுக் காப்பாத்தணும்? எவ்வளவு வெயிட்டு வரும், எந்த கேஜ் கனத்துல தகடு போட்டு அடிக்கலாம்? மர டப்பாவ அப்படியே தூக்கி வைக்கலாமா இல்ல மாத்தச் சொல்லவா? கேட்ட ஆளுக்கும் ஒண்ணும் தெரியல, கோட்டேஷன் குடுங்கன்றாரு. அங்க இருந்த வாச்மேன் தாத்தா மட்டும் தங்கமான மனுசன், ஷெட்டுக்குள்ள செதறிக் கெடந்த குட்டி குட்டி மரக்கட்டைய பொறுக்கி அடுப்பு மூட்டி வரக்காப்பி போட்டுக் குடுத்தாரு.

வைகைக்கரை வாலிபன்:

மேலூர்ல போய் கல்லுக்கு ரேக்கா 😂 அண்ணே அங்க ரோட்டோரம் கெடக்குற கிரானைட் கழிவையே எடுக்க ஆளில்ல. சீரியஸா கேக்குறேன், போன்ல போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு கல்ல ரோட்டுக்கு ஜல்லியா அடிச்சிட வேண்டியதுதான? அதுவும் அரிட்டாபட்டி டங்ஸ்டன் பிரச்சனைக்கு அப்புறம் அந்தப் பக்கம் துளைபோட வந்தோம்னு சொன்னா ஊரே தெரண்டு நிக்கும், நீங்க ரேக் அடிக்கப் போறப்ப கொஞ்சம் பாத்துப் போங்க.

பழைய டிரில்லர்:

பாண்டி தம்பி, ரேக்க அப்புறம் பாப்போம், மொதல்ல அந்த வாச்மேனுக்கு போன் போடுங்க. அந்தக் கட்டைய எரிக்க வேணாம்னு சொல்லுங்க. இப்பவே. மிச்சத்த அப்புறம் படிங்க.

போட்டாச்சா? சரி. நான் முப்பது வருசம் டிரில்லிங் கேம்ப்ல இருந்தவன், இப்ப ரிட்டயர் ஆகி திருமங்கலத்துல இருக்கேன். அந்தக் குட்டிக் கட்டை ஒவ்வொண்ணுலயும் பெயிண்ட்ல ஒரு நம்பர் எழுதியிருக்கும், கவனிச்சீங்களா? 45.00, 48.00 அப்படின்னு. அது ஆழம். மீட்டர் கணக்கு. நம்ம ஊருக்கு வர்ற திருச்செங்கோடு போர் வண்டி இருக்கே, அது பாறைய சுத்தியலால அடிக்கிற மாதிரி அடிச்சு தூளாக்கி காத்தால வெளிய ஊதிடும், தண்ணி வந்தாச் சரி, தூளு எவனுக்கு வேணும். கோர் டிரில்லிங் அப்படி இல்ல. தொளைக்கிற பிட்டு முனை நடுவுல ஓட்டையா இருக்கும், சுத்தி வைரம் பதிச்சிருக்கும், அது வட்டமா அறுத்துக்கிட்டே எறங்க எறங்க நடுப்பாறை முழுசா குழாய்க்குள்ள ஏறிடும். குழாப்புட்டு மாதிரின்னு வச்சுக்கங்க, குழாயத் தட்டுனா உருளையா வந்து விழும், தேங்காப்பூ வர்ற எடத்துல ஒடியிற மாதிரி பாறைல விரிசல் இருக்குற எடத்துல ஒடியும். ஒரு தடவ குழாய எறக்கி ஏத்துறதுக்கு ரன்னுன்னு பேரு. ஒவ்வொரு ரன்னு முடிவுலயும் ஆழத்த கட்டைல எழுதி டப்பால சொருகி வைப்போம். அந்தக் கட்டை இருக்குற வரைக்கும் தான் அது கோரு. கட்டை போச்சுன்னா நம்ம வாலிபன் தம்பி சொல்ற ஜல்லி தான்.

கீழடிய எடுத்துக்கங்க. குழில எந்த அடுக்குல எத்தன அடி ஆழத்துல கெடச்சதுன்னு எழுதி வச்ச பானையோடு சாட்சி. அதே ஓட்ட ஒருத்தன் பைல போட்டு வீட்டுக்கு கொண்டாந்துட்டான்னா வெறும் ஓடு, அவன் என்ன கதை சொன்னாலும் நம்புறதுக்கில்ல. இதுவும் அப்படித்தான்.

எங்க கேம்ப்லயே ஒரு கூத்து நடந்துச்சு, எந்த ஊர் எந்த ஆபீஸ்னு சொல்லல. லாரில ஏத்துறப்ப எட்டு டப்பா கவுந்திருச்சு. சின்னப் பசங்க ரெண்டு பேரு, பயந்துபோயி யார்கிட்டயும் சொல்லாம அள்ளி, நீளம் நீளமா இருக்குறத ஒரு டப்பாலயும் பொடிய ஒரு டப்பாலயும் அழகா அடுக்கி வச்சுட்டாய்ங்க, பாக்க அவ்வளவு நேர்த்தி. ஜியாலஜிஸ்ட் வந்து பாத்துட்டு மொதல்ல சந்தோசப்பட்டாரு, ஒடயாத பாறை ஒரே எடத்துல இவ்வளவு நீளம் வந்திருக்கேன்னு. அப்புறம் ஒரு துண்ட எடுத்து அடுத்த துண்டோட ஒட்டிப் பாத்தாரு, ஒட்டல. அடுத்ததும் ஒட்டல. அன்னிக்கு அவரு சாப்பிடவே இல்ல. நாலு மாச வேலை பாழ்.

சார்னோகைட் அக்கா:

டிரில்லர் ஐயா சொன்னதுக்கு மேல கொஞ்சம் சேக்குறேன். நான் ஜியாலஜி படிச்சவ, சொந்த ஊரு ஒத்தக்கடை, யானமலை அடிவாரத்துல வளந்தவ, இப்ப வேலை வடக்க.

வாலிபன் தம்பி போட்டோ போதும்னீங்க. போட்டோவும் எடுக்கத்தான் செய்றோம், காஞ்சிருக்கப்ப ஒண்ணு, தண்ணி தெளிச்சு ஒண்ணு, ஏன்னா நனஞ்சா தான் கனிமமெல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஆஸ்திரேலியாக்காரங்க ஹைலாகர்னு ஒரு மெசின் வச்சு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வரைக்கும் அளந்து டப்பா டப்பாவா ஸ்கேன் பண்றாங்க. நம்ம நாட்டுலயும் 2023 டிசம்பர்ல தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியம்னு ஒரு போர்ட்டல் தொறந்து சர்வே ரிப்போர்ட், மேப் எல்லாம் ஏத்துறாங்க. எல்லாம் நல்லதுதான். ஆனா போட்டோவ அரச்சு லேப்ல போட முடியாதுல்ல? 0.03 மில்லிமீட்டருக்கு தேச்சு மைக்ராஸ்கோப்ல வைக்க முடியாதுல்ல? நாளைக்கு வரப்போற கேள்விய இன்னிக்கு எடுத்த போட்டோகிட்ட கேக்க முடியாது.

டைனோசர் கதை தெரியும்ல, 6.6 கோடி வருசம் முன்னாடி வானத்துல இருந்து கல்லு விழுந்துச்சுன்னு. அந்தக் குழி எங்கன்னு ரொம்ப நாள் தேடுனாங்க. மெக்சிகோல யுகட்டான் பக்கம் 1950கள்லயே எண்ணெய்க்காக தொளச்சு கோர் எடுத்திருந்தாங்க, எண்ணெய் இல்ல, எரிமலைப் பாறை மாதிரி இருக்குன்னு விட்டுட்டாங்க. 1978ல காந்த அளவீடு பாத்த ஒருத்தர் இங்க பெரிய வட்டம் இருக்கேன்னு சந்தேகப்பட்டாரு, பழைய கோர கேட்டா அதெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு பேச்சு. கடைசில 1990 வாக்குல அதுல கொஞ்சம் துண்டு அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ்ல இருக்குறது தெரிஞ்சு எடுத்துப் பாத்தா, மோதல் அதிர்ச்சில மட்டும் உருவாகுற கீறல் விழுந்த குவார்ட்ஸ் அதுல இருக்கு. சுமார் 180 கிலோமீட்டர் அகல பள்ளம், இன்னிக்கு சிக்சுலுப்னு சொல்றோம். எண்ணெய்க்காக எடுத்த கல்லு, நாப்பது வருசம் கழிச்சு வேற கேள்விக்கு பதில் சொல்லுச்சு. அத யாராவது ஜல்லி அடிச்சிருந்தா?

அவ்வளவு தூரம் போவேணாம். பக்கத்துல சிவகங்கைல கிராபைட் இருக்கு, பென்சிலுக்குன்னு நெனச்சுட்டு இருந்தது இப்ப பேட்டரிக்கு வேணும். 2023ல மத்திய அரசு 30 முக்கியக் கனிமம்னு பட்டியல் போட்டுச்சு, கிராபைட், லித்தியம், டங்ஸ்டன், அரிய மண் தனிமம் எல்லாம் அதுல வருது. பழைய கோர்ல நெறைய தங்கத்துக்கோ தாமிரத்துக்கோ தான் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, லித்தியம் எவ்வளவுன்னு அன்னிக்கு யாரும் கேக்கல. இன்னிக்கு கேக்கணும்னா டப்பாவ தொறந்தாப் போதும், இல்லன்னா மறுபடி தொளைக்கிற ரிக் மெசின தூக்கிட்டு ஒருத்தர் வயக்காட்டுக்கு போகணும். அரிட்டாபட்டி விசயம் சொன்னீங்க, 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சுச்சுன்னு தெரிஞ்சு மேலூரே கொதிச்சு, 2025 ஜனவரில ரத்தாச்சு, நானும் அந்தப் பக்கத்துக்காரிதான், எனக்கும் அந்த மலை மேல பாசம் உண்டு. அதனாலதான் சொல்றேன், ஒருக்கா எடுத்தத ஒழுங்கா வச்சுக்கிட்டா ரெண்டாந்தடவ தொளைக்க வேண்டிய எடம் கொறையும்.

பாண்டி அண்ணே, டப்பாவ தொறந்து பாக்குறப்ப எங்கயாச்சும் மஞ்சளாவோ வெள்ளையாவோ பூஞ்சை பூத்த மாதிரி பொடி இருந்தா அந்த டப்பாவ தனியா வைங்க. அது பூஞ்சை இல்ல. பைரைட்டுனு பித்தளை நெறத்துல ஒரு கனிமம், இரும்பும் கந்தகமும் சேந்தது, ஈரக்காத்து பட்டா மெல்ல மெல்ல கந்தக அமிலமா மாறும். கல்ல உதுக்கும், ஆணிய தின்னும், லேபிள தின்னும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். வெளிநாட்ல அந்த மாதிரி கோர காத்தப் புடுங்கின பைல, இல்ல நைட்ரஜன் அடச்ச பைல வைப்பாங்க. களிமண் கோரு இருந்தா அது வேற தொல்லை, மழக்காலத்துல ஊறும் வெயில்ல வெடிக்கும், நாலு வருசத்துல பொரி மாதிரி ஆயிடும். நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எல்லாம் எடுத்த ஒடனே பாலிதீன்ல சுத்தணும், காஞ்சா வெடிச்சு தூளாயிடும். நம்ம பக்கத்து சார்னோகைட், நைஸ்னு சொல்ற வரி ஓடுன பாறை எல்லாம் சாமானியத்துல கெடாது, கோயில் தூணா ஆயிரம் வருசம் நிக்கிற சாதியாச்சே.

வைகைக்கரை வாலிபன்:

சரிக்கா ஒத்துக்கிறேன், ஜல்லி வாபஸ். ஆனா எல்லாத்தையும் வச்சுக்கிட்டே போனா எடம்? நாட்ல வருசா வருசம் தொளச்சுக்கிட்டே தான இருக்காங்க? அப்புறம் சார்னோகைட்னா என்ன?

சார்னோகைட் அக்கா:

எடம் தான் உலகம் பூரா இருக்குற தலவலி தம்பி. இங்கிலாந்துல கீவொர்த்னு ஒரு ஊர்ல அவங்க தேசியக் களஞ்சியம் இருக்கு, 500 கிலோமீட்டருக்கு மேல கோரு. மதுரைல இருந்து சென்னை வரைக்கும் நீட்டிப் போட்டாலும் மிச்சம் இருக்கும். கடலுக்கு அடில எடுக்குற கோரு இன்னும் கஷ்டம், அது சேறு, 4 டிகிரி குளிர்லயே வச்சிருக்கணும், ஜெர்மனில பிரேமன், அமெரிக்கால டெக்சாஸ், ஜப்பான்ல கொச்சின்னு மூணு எடத்துல பெரிய குளிர்க் கிடங்கு. (ஜப்பான் கொச்சிங்க, நம்ம கேரளா கொச்சி இல்ல, நானே படிக்கிறப்ப ஏமாந்திருக்கேன்.)

அதனால கழிக்கத்தான் வேணும். பொதுவா நீளவாக்குல அறுத்து ஒரு பாதி லேபுக்கு, ஒரு பாதி டப்பாவுக்கு. அப்புறம் ஒருத்தர் வந்து கேட்டா பாதில பாதி. அதுக்கு மேல யாரு கேட்டாலும் கால் பங்க தொடவிடக் கூடாது, ஆராய்ச்சி மாணவர்னா மனசு எளகும், எளகக் கூடாது. சில எடத்துல எலும்புக்கூடு மாதிரி, சில மீட்டருக்கு ஒரு சாண் வச்சுக்கிட்டு மிச்சத்த தள்ளிடுவாங்க. எனக்கு அது புடிக்காது, எது முக்கியம்னு இன்னிக்கு தெரிஞ்ச வச்சு தான முடிவெடுக்குறோம், யுகட்டான்ல முடிவெடுத்தவங்களும் இப்படித்தான் நெனச்சிருப்பாங்க. ஆனா ஒரே பாறை 300 மீட்டர் மாறாம போகுதுன்னா நானும் கையெழுத்து போட்டுருவேன், பொய் சொல்லல.

சார்னோகைட்டு: கிரானைட் மாதிரி கெட்டியான, கருத்த ஒரு பாறை. கல்கத்தால கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் சமாதில இருந்த கல்ல வச்சு வந்த பேரு. கல்லு போனது நம்ம மெட்ராஸ் பக்கத்துல இருந்து, பேரு மட்டும் அவருக்கு.

ரேக்கு பாண்டி:

ஐயா, மெசேஜ் பாத்த ஒடனே தாத்தாவுக்கு போன் போட்டேன், எடுக்கல, மனசு கேக்காம பைக்க எடுத்துட்டு நேராவே போயிட்டேன். பாதிச் சாக்கு மிச்சம் இருக்கு. கிட்டத்தட்ட 200 கட்டை. பாதில நம்பர் நல்லா தெரியுது, மிச்சத்துல மங்கிப்போச்சு. தாத்தா பாவம், "எனக்கு யாருமே சொல்லலயேய்யா, குப்பைன்னு தான கூட்டுனேன்"னு ஒரே பொலம்பல். அவரு மேல தப்பில்ல, வருசக்கணக்கா சாவிய குடுத்துட்டு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப அந்தக் கட்டைய வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா? அப்புறம் வெயிட் கணக்கும் சொல்லிருங்க, திங்கக்கெழம கோட்டேஷன் குடுக்கணும்.

பழைய டிரில்லர்:

நல்லவேளை தம்பி. இருநூறு இருக்குன்னா ஓரளவு மீட்டுரலாம்.

மொதல்ல கணக்கு. சப்பாத்திக் கட்டை கனம்னீங்க, அப்ப என்கியூ சைஸ், விட்டம் 47.6 மில்லிமீட்டர். நம்ம பாறைக்கு மீட்டருக்கு 4.8 கிலோ வரும். ஒரு டப்பால அஞ்சு வரிசை, அஞ்சு மீட்டர், 24 கிலோ. மரத்தையும் சேத்து 30னு வச்சுக்கங்க. எச்கியூன்னு கனமான சைஸ் ஏதாச்சும் கலந்திருந்தா விட்டம் 63.5, மீட்டருக்கே எட்டரை கிலோ, ஸ்கேல எடுத்து அளந்து பாத்துருங்க. டப்பாவ நீளவாக்குல உள்ள தள்ளுற மாதிரி, 2.8 மீட்டர் அகலத்துக்கு எட்டு டப்பா, ஒசரத்துல பன்னெண்டு தட்டு போட்டா ஒரு ரேக்குக்கு 96 டப்பா. கிட்டத்தட்ட மூணு டன். வரிசையா நிறுத்துறப்ப நடு ஃபிரேமுக்கு ரெண்டு பக்க பாரமும் வரும், ஒரு காலுக்கு ஒன்னரை டன் பக்கம். மெடிக்கல் ஸ்டோர் கேஜ்ல அடிச்சீங்கன்னா தட்டு தொட்டில் மாதிரி தொங்கிரும். காலுக்கு அடில அகலமா பிளேட் வச்சு தரைல போல்ட் போடுங்க, அதுக்கு முன்னாடி தரை காங்கிரீட்டு எத்தன இஞ்சுன்னு ஒரு எடத்துல தொளச்சு பாத்துக்கங்க. உங்க 1,400 டப்பாவுக்கு 15 ரேக்கு, மொத்தம் 42 டன்.

தட்டுக்கு முழு ஷீட் வேணாம், ரெண்டு ரன்னர் போதும், காத்தும் போகும், டப்பாவும் வழுக்கும். கீழ்த்தட்டு தரைல இருந்து ஒரு அடியாவது ஒசரட்டும், கரையான் மண்ணு ஏறுனா தெரியணும். சொவத்தோட ஒட்டாதீங்க. பன்னெண்டாவது தட்டுல இருந்து 30 கிலோவ எறக்குறது எளவட்டத்துக்கே முடியாது, அதனால பிளாட்பாரம் வச்ச ஏணி ஒண்ணு கோட்டேஷன்ல சேருங்க. இடுப்பு ஒசரத்துக்கு நீள மேசையும் சேருங்க, இருபது டப்பாவ பரப்பி வச்சா தான் 100 மீட்டர ஒரே பார்வைல பாக்க முடியும், பாக்க வசதி இல்லாத கோர எவனும் வந்து பாக்க மாட்டான், எவனும் பாக்கலன்னா மறுபடி குப்பைதான். மர டப்பால உளுத்தத மட்டும் மாத்தச் சொல்லுங்க, பிளாஸ்டிக்கோ ஜிஐ தகரமோ. ஆனா ஒண்ணு, கட்டைய திரும்ப சொருகி முடிக்கிற வரைக்கும் ஒரு டப்பாவையும் நகட்ட விடாதீங்க.

கட்டை விசயம். அந்த ஷெட்ல எங்கயாச்சும் டிரில்லர் லாக் புக்கு இருக்கும், நீளமான நோட்டு, எண்ணெக் கறையோட. அதுல ஒவ்வொரு ரன்னுக்கும் எங்கருந்து எதுவரைக்கும், எவ்வளவு கோரு கெடச்சுதுன்னு எழுதியிருப்போம். 45ல இருந்து 48, கெடச்சது 2.85னு இருக்குன்னு வைங்க. டப்பால டேப்ப வச்சு 2.85 எங்க முடியுதுன்னு பாத்தா பக்கத்துல கட்டை இருந்த எடம் பள்ளமா தெரியும். ஒடஞ்ச வளையல ஒட்டிப் பாக்குற மாதிரி முனைய முனையோட சேத்துப் பாக்கணும், கொழாய்ல சுத்தி தேஞ்ச முனை ஒட்டாது, அந்த எடத்துல தான் ரன்னு முடிஞ்சிருக்கும். டப்பால படிக்கிற தெசையும் பாருங்க, புஸ்தகம் மாதிரி எடது மேல் மூலைல ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியும் எடதுல இருந்தா, இல்ல பாம்பு மாதிரி திரும்பித் திரும்பி வருதான்னு. ஒரே ஷெட்ல ரெண்டு கேம்ப் கோரு இருந்தா ரெண்டு விதமாவும் இருக்கும், அத கலந்தோம்னா போச்சு. புதுக் கட்டை வைக்கிற எடத்துல மார்க்கர் பேனா வேணாம், நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு வருசத்துல வெளுத்துரும், அலுமினியத் தகட்டுல அடிச்சு ஆணி வைங்க.

சார்னோகைட் அக்கா:

ஐயா சொன்னதோட, மங்கின கட்டைய பக்கவாட்டுல டார்ச் அடிச்சு போட்டோ எடுங்க அண்ணே, கண்ணுக்கு தெரியாத நம்பர் சில சமயம் போன்ல தெரியும். ஒவ்வொரு டப்பாவையும் இப்ப இருக்குற நெலமையிலயே மேல இருந்து ஒரு போட்டோ, தொடறதுக்கு முன்னாடி. தூசி பறக்க கூட்ட வேணாம்னு தாத்தாகிட்ட சொல்லுங்க, கல்லுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, ஈரத்துணி போதும்.

ரேக்கு பாண்டி:

லாக் புக்கு இருக்குக்கா! ஒரு டிரங்குப் பெட்டில ஏழு நோட்டு, தாத்தா அது மேல தான் பாய விரிச்சு தூங்குறாரு, அதனால தான் கரையான் தொடல போல. தரைய நாலு எடத்துல பாத்தேன், நாலு இஞ்சு தான் காங்கிரீட்டு, ஒரு ரேக்குக்கு எட்டு தட்டா கொறச்சு 22 ரேக்கா போடலாம்னு இருக்கேன், எடம் பத்துது. மேசை ரெண்டு, ஏணி ஒண்ணு, சேத்தாச்சு. கேட்ட ஆளுகிட்ட கட்டை விசயத்த சொன்னேன், "அதெல்லாம் ரேக் கோட்டேஷன்ல வராதே"ன்றாரு. வரலன்னா பரவால்ல.

பழைய டிரில்லர்:

ஞாயித்துக்கெழம நான் வர்றேன் தம்பி. காலைல மாட்டுத்தாவணில எறங்கிருவேன், அங்க இருந்து பைக்ல கூட்டிட்டுப் போங்க. டேப்பு, பூதக்கண்ணாடி நான் கொண்டாறேன். நோட்டுல கையெழுத்து சரியா தெரியாத எடத்துல ஒரு போட்டோ மட்டும் இன்னிக்கே அனுப்புங்க, யாரு எழுதுனதுன்னு பாத்தா நானே படிச்சிருவேன், அந்தக் காலத்து ஆளுங்க கையெழுத்து எல்லாம் எனக்கு அத்துபடி. தாத்தாவுக்கு வெறகுக்கு வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிட்டு வாங்க.